ஏ.ஐ. வந்தால் யார் வேலை போகும்? வங்கிக் கவுண்டர் சொல்லும் பதில்

"ஏ.ஐ. வந்தால் என் வேலை போய்விடுமா?" என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் கேட்கிறார், கால் சென்டரில் இருப்பவர் கேட்கிறார், பிள்ளையை எந்த கோர்ஸில் சேர்ப்பது என்று தெரியாத பெற்றோர் கேட்கிறார்கள். போகும், போகாது என்று ஒரே வார்த்தையில் அடித்துச் சொல்பவர்களுக்கு யூடியூபில் பஞ்சமில்லை. கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

ஒரு வேலை என்று நாம் சொல்வது உண்மையில் பல சின்னச் சின்னக் காரியங்கள் சேர்ந்தது. இயந்திரம் வந்ததும் மொத்த வேலையையும் ஒரேயடியாக எடுத்துக்கொள்வது அபூர்வம். முதலில் அதிலிருந்து இரண்டு மூன்று காரியங்களை உருவிக்கொள்ளும். மீதி இருக்கும் காரியங்களுக்கு எத்தனை ஆள் வேண்டும், எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இது ஏற்கெனவே ஒரு முறை நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது, வங்கிகளில்.

1980 வாக்கில் சேமிப்புக் கணக்கிலிருந்து 500 ரூபாய் எடுக்க என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். படிவத்தை நிரப்பி பாஸ்புக்கோடு கவுண்டரில் நீட்டினால், எழுத்தர் எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்றைத் தருவார். அப்புறம் தடிமனான பேரேட்டை இழுத்து உங்கள் பக்கத்தைத் தேடி, பற்று எழுதி, இருப்பைக் கழித்துப் போடுவார். பேரேடும் படிவமும் அதிகாரியின் மேசைக்குப் போகும். அவர் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து உங்கள் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து 'பாஸ்' செய்வார். அங்கிருந்து கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் காசாளரிடம் போகும். அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் வரை பெஞ்சில் காத்திருக்க வேண்டியதுதான். மாலையில் கதவைச் சாத்திய பிறகு கணக்கு டேலி ஆக வேண்டும். சில்லறைக் காசு இடித்தாலும் யாரும் கிளம்ப முடியாது. அரையாண்டு வட்டி போடும் நாட்களில் ஒவ்வொரு கணக்குக்கும் கையாலேயே வட்டி கணக்கிட்டு, ராத்திரி வரை உட்கார்ந்திருப்பார்கள்.

பக்கம் தேடுவது, எழுதுவது, கழிப்பது, ஒப்பிடுவது, நோட்டு எண்ணுவது, டேலி பார்ப்பது, வட்டி போடுவது. இவை போக, எந்த விதிப்புத்தகத்திலும் எழுதப்படாத காரியங்களும் அந்தக் கவுண்டரில் நடந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, வழக்கத்துக்கு மாறாக ஒருவர் மொத்தப் பணத்தையும் எடுக்க வந்தால் "என்ன விஷயம்?" என்று கேட்பது.

கணினி வந்து முதல் பட்டியலை வரிசையாக எடுத்துக்கொண்டது. அது சும்மா வந்துவிடவில்லை. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 1983இல் நிர்வாகங்களும் சங்கங்களும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. இயந்திரங்கள் எந்த அளவுக்கு வரலாம் என்று வரம்பு போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு வங்கிகளைக் கணினிமயமாக்கும் திட்டத்தைத் தந்தது. 1987இல் மும்பையில் நாட்டின் முதல் ஏ.டி.எம். வந்தது. பிறகு எல்லாக் கிளைகளின் கணக்கையும் ஒரே கணினி வலையில் சேர்த்த கோர் பேங்கிங், 2016இல் யூ.பி.ஐ. இன்று பூக்கடையில் 20 ரூபாய்க்கு ஸ்கேன் செய்யும்போது, பேரேடு, பாஸ், டோக்கன், டேலி எல்லாம் ஓரிரு நொடியில் நடந்து முடிகின்றன.

சரி, இதில் வேலை இழந்தவர் யார்? தேடினால் ஆள் அகப்பட மாட்டார். கவுண்டரில் இருந்தவரைக் கழுத்தைப் பிடித்து யாரும் வெளியே தள்ளவில்லை. 2000-01 விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் பணம் வாங்கிக்கொண்டு தாங்களாகவே போனார்கள். இன்னொரு பக்கம் எழுத்தர் நியமனம் பல ஆண்டுகள் கிட்டத்தட்ட நின்றே போனது. செலவுக் குறைப்பு, தனியார் வங்கிகளின் போட்டி என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கணினி இல்லாமல் அந்த நியமனங்களை நிறுத்தியிருக்கவே முடியாது. வேலை இழந்தவர் வங்கிக்குள் காலே வைக்காதவர். பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, வங்கித் தேர்வு அறிவிப்புக்காகக் காத்திருந்த ஏதோ ஓர் ஊர்ப் பையன் அல்லது பெண். அவர்களின் கணக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

என்னைக் கேட்டால், ஏ.ஐ. பற்றிய பேச்சில் எல்லாரும் கோட்டை விடுவது இந்த இடத்தைத்தான். ஆட்குறைப்புச் செய்திகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். வராமல் போகும் வேலை அறிவிப்புகளை யாரும் எண்ணுவதில்லை.

அமெரிக்காவில் நடந்த கதை இன்னும் வேடிக்கையானது. உலகின் முதல் ஏ.டி.எம். 1967இல் லண்டனின் வடக்கே என்ஃபீல்டில் திறக்கப்பட்டது. அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் ஜான் ஷெப்பர்ட்-பேரன் பிறந்தது நம் ஷில்லாங்கில். அந்த இயந்திரம் அமெரிக்கா முழுக்கப் பரவியபோது காசாளர் வேலை ஒழிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பொருளாதார ஆய்வாளர் ஜேம்ஸ் பெஸ்ஸன் கணக்கெடுத்துப் பார்த்தார். 1988க்கும் 2004க்கும் இடையே நகர்ப்புறக் கிளை ஒன்றில் இருந்த காசாளர்கள் சராசரியாக 20இலிருந்து 13ஆகக் குறைந்திருந்தார்கள். ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் புதுக் கிளைகளைத் திறந்துகொண்டே போயின. நகரங்களில் கிளைகள் 40 சதவீதத்துக்கும் மேல் பெருகின. மொத்தத்தில் காசாளர்கள் குறையவில்லை. நோட்டு எண்ணும் நேரம் மிச்சமானதால் கடன், அட்டை, காப்பீடு என்று விற்கிற வேலைக்கு மாறினார்கள்.

ஏ.ஐ.யால் பயமில்லை என்று சொல்பவர்கள் எல்லாரும் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. 2010க்குப் பிறகு அதே காசாளர் எண்ணிக்கை தொடர்ந்து சரிந்து வருகிறது. செல்போனிலேயே வங்கி வந்துவிட்டதால் கிளைக்கே ஆள் போவதில்லை. ஏ.டி.எம். காசாளரின் ஒரு காரியத்தை எடுத்தது. செல்போன் கிளை என்பதன் தேவையையே எடுத்துவிட்டது. ஒரு வேலை ஓர் இயந்திரத்திடம் தப்பித்து இன்னொன்றிடம் மாட்டலாம்.

மொத்த வேலையும் ஒரே காரியமாக இருந்தால் தப்பிக்க வழியே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒயரைச் செருகி லைன் கொடுத்த ஆபரேட்டர்கள் அப்படித்தான் போனார்கள். இந்தியாவில் ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூருக்கு டயல் செய்யும் முதல் எஸ்.டி.டி. இணைப்பு 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. அது நாடெங்கும் பரவிய பிறகு அதிலிருந்தே ஒரு புதுத் தொழில் முளைத்தது. மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத். மாற்றுத்திறனாளிகள் பலருக்கு ஒதுக்கீட்டில் கிடைத்த பிழைப்பு அது. செல்போன் அதையும் சாப்பிட்டுவிட்டது. பூத்தை இழந்தவர்களும் செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர்களும் ஒரே ஆட்கள் இல்லை. 'பழைய வேலை போனால் புதிய வேலை வரும்' என்ற வாக்கியம் மொத்தக் கணக்கில் சரிதான். போனது யாருக்கு, வந்தது யாருக்கு என்று கேட்டால்தான் இடிக்கும்.

சொல்லித் தெரிவதும் பார்த்துத் தெரிவதும்

இதுவரை பார்த்தது பெரும்பாலும் பழைய தானியக்கம், அதாவது ஆட்டோமேஷன். ஏ.ஐ. என்பது அதன் இன்னொரு பெயர் அல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் இந்த முறை ஏன் ஆபீஸ் வேலைகள் மாட்டுகின்றன என்பது புரியும்.

கடையில் 'சார்டெக்ஸ் அரிசி' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரிசி ஆலையில் சரிவான தடத்தில் அரிசி மெல்லிய படலமாக விழும். கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கறுப்பு, பழுப்பு, கல் என்று நிறம் மாறினால் சின்னக் குழாயிலிருந்து காற்று 'புஸ்' என்று அடித்து அந்த மணியை மட்டும் தள்ளிவிடும். முறத்தை வைத்துக்கொண்டு வாசல் திண்ணையில் கல் பொறுக்கும் வேலை இப்படித்தான் போயிற்று (அதற்காக யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை). இதற்கு விதியை எழுத முடியும்: நிறம் இந்த அளவைத் தாண்டினால் தள்ளு. விதி எழுத முடிந்த காரியம் எதுவானாலும் தானியக்கத்துக்குச் சுலபம். வட்டிக் கணக்கும் அப்படித்தான், டேலியும் அப்படித்தான்.

ஆனால் அந்த வங்கி அதிகாரியை நினைத்துப் பாருங்கள். கையெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் "இது அவர் போட்டது இல்லை" என்பார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றால் விளக்கத் தெரியாது. இருபது வருஷம் பார்த்த கண். எழுதி வைக்க விதி இல்லாததால் பழைய கணினியால் இதைச் செய்ய முடியவில்லை. ஏ.ஐ. இங்கேதான் நுழைகிறது. அசல் கையெழுத்துகளையும் போலிகளையும் லட்சக்கணக்கில் காட்டி, ஒவ்வொரு முறையும் ஊகிக்க விடுவார்கள். தப்பாக ஊகித்தால் அதற்குள்ளே இருக்கும் எண்கள் கொஞ்சம் திருத்தப்படும். இப்படியே திருத்தித் திருத்தி, யாரும் விதி எழுதாமலே ஓரளவுக்குச் சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிடும். அது என்ன விதியைப் பிடித்துக்கொண்டது என்று செய்தவருக்கே முழுதாகத் தெரியாது.

சாட்ஜிபிடி போன்றவை இதே வித்தையைச் சொற்களில் காட்டுகின்றன. மலை மலையாக எழுத்தைப் படிக்க வைத்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகிக்கப் பழக்கியிருக்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்ததும், கடிதம் எழுதுவது, அறிக்கையைச் சுருக்குவது, நிரல் எழுதுவது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது என்று, விதி எழுத முடியாது என்று விட்டு வைத்திருந்த காரியங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதன் கைக்கு எட்டின. முன்பெல்லாம் இயந்திரம் என்றால் கை வேலைக்கு ஆபத்து. இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஆபத்து. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023இல் ஆராய்ந்தபோது அதிகம் பாதிக்கப்படக் கூடியதாக எழுத்தர் வேலைகளைத்தான் சொன்னது. அந்த வேலைகளில் பெண்கள் அதிகம் என்பதால் பாதிப்பும் பெண்களுக்கே அதிகம்.

ஆனால் ஊகிப்பது வேறு, தெரிந்து சொல்வது வேறு. நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த மனுவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அதில் மேற்கோள் காட்டியிருந்த பழைய தீர்ப்புகள் சில உலகத்திலேயே இல்லாதவை. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். அபராதம் கட்டியது வழக்கறிஞர்கள்தான், மென்பொருள் இல்லை. கையெழுத்துப் போட்டுப் பொறுப்பு ஏற்க ஒரு மனிதர் வேண்டியிருக்கும் வரை அந்த வேலையில் ஒரு துண்டு மிஞ்சும்.

47 சதவீதமா, 9 சதவீதமா

பத்திரிகையில் வரும் எண்களை எப்படிப் படிப்பது என்று ஓர் எடுத்துக்காட்டு. 2013இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் அமெரிக்காவின் 702 தொழில்களை ஆராய்ந்து, 47 சதவீத வேலைகள் கணினிமயமாகும் ஆபத்தில் இருக்கின்றன என்றார்கள். உலகமே அதிர்ந்தது. மூன்று வருஷம் கழித்து பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓ.இ.சி.டி. அமைப்புக்காக வேறு மூவர் 21 நாடுகளை ஆராய்ந்து 9 சதவீதம்தான் என்றார்கள். யார் பொய் சொன்னார்கள்? யாரும் இல்லை. முதலில் சொன்னவர்கள் தொழிலை முழுசாக எடுத்து, இது போகும், இது நிற்கும் என்று பிரித்தார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் அதே தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் நிஜத்தில் என்னென்ன காரியம் செய்கிறார் என்று பார்த்தார்கள். கணக்கு எழுதுபவர் என்று பெயர் இருந்தாலும் பாதி நாள் ஆட்களோடு பேசிச் சமாளிப்பவராக இருப்பார். அவரை இயந்திரம் அப்படியே மாற்றிவிட முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 47 சதவீதம் என்பது 'தொழில்நுட்பத்தால் முடியும்' என்ற கணக்கு. 'முதலாளி செய்வார்' என்பது வேறு கணக்கு. 2024 ஜனவரியில் சர்வதேச நாணய நிதியம் உலக வேலைகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் ஏ.ஐ.யின் தாக்கத்துக்கு உள்ளாகும் என்றது. தலைப்பைப் படித்தவர்கள் 40 சதவீத வேலை காலி என்று பரப்பினார்கள். அந்தத் தாக்கத்தில் வேலையை இலகுவாக்கிச் சம்பளத்தை உயர்த்தும் தாக்கமும் அடங்கும். பணக்கார நாடுகளில் அது 60 சதவீதம், ஏழை நாடுகளில் 26 சதவீதம். ஏழை நாடுகளில் ஆபீஸ் வேலை குறைவு, அவ்வளவுதான் காரணம்.

பெரிய ஆட்களின் ஆரூடத்தையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன் 2016இல், ஸ்கேன், எக்ஸ்ரே படம் பார்த்து நோயைச் சொல்லும் ரேடியாலஜிஸ்ட்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்து வருஷத்தில் இயந்திரம் அவர்களைவிட நன்றாகப் படம் பார்க்கும் என்றார். இன்று அமெரிக்காவில் ரேடியாலஜிஸ்ட்களுக்குத் தட்டுப்பாடு. ஸ்கேன் படத்தில் கட்டியைக் கண்டுபிடிப்பது அவர்கள் செய்யும் காரியங்களில் ஒன்று. எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று முடிவெடுப்பது, பழைய படத்தோடு ஒப்பிடுவது, அறுவை சிகிச்சை செய்பவரோடு பேசுவது, ஊசி விட்டுத் திசு எடுப்பது என்று மீதி நிறைய இருக்கிறது. படம் பார்ப்பது வேகமாக ஆக, எடுக்கும் ஸ்கேன்களும் கூடுகின்றன. இந்தியாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்கத் தகுதி பெற்ற டாக்டர்தான் வேண்டும்.

விதி ஒரு வேலையை எவ்வளவு நாள் தாங்கிப் பிடிக்கும் என்பதற்கு நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டே சாட்சி. டைப்ரைட்டர் செய்யும் தொழிற்சாலைகளே மூடிய பிறகும் லோயர், ஹையர் தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன, குரூப் 4 தட்டச்சர் பதவிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதற்காக.

ஒரு பனியனுக்குள் எத்தனை கை

திருப்பூரில் கம்பெனி கேட்டுகளில் தொங்கும் அறிவிப்பைப் படித்துப் பாருங்கள்: ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், சிங்கர் டெய்லர், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆட்கள் தேவை. ஒரு பனியன் எத்தனை காரியங்களாகப் பிரிந்திருக்கிறது என்பது அந்த ஒரே போர்டில் தெரிந்துவிடும். துணி பின்னும் நிட்டிங் எப்போதோ இயந்திரத்துக்குப் போயிற்று. எம்பிராய்டரியைக் கணினி செய்கிறது. பெரிய கம்பெனிகளில் கட்டிங்கையும் இயந்திரமே செய்கிறது. ஆனால் தையலுக்கு இன்னும் கைதான் வேண்டும். துணி வளையும், இழுபடும், சுருங்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கழுத்துப்பட்டியை வைத்து லேசாக இழுத்துப் பிடித்து ஊசிக்கு அடியில் கொடுக்கும் அந்த விரல் அசைவு ரோபோவுக்கு இன்னும் சரியாகக் கைவரவில்லை. அமெரிக்காவில் டி-சர்ட் தைக்கும் ரோபோவுக்காகப் பல வருஷமாக முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

ரோபோ ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் மொராவெக் இதை 1988லேயே கவனித்திருக்கிறார். சதுரங்கம், தேர்வு என்று பெரியவர்கள் கஷ்டப்பட்டுச் செய்வதைக் கணினிக்குச் சுலபமாகச் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு வயசுக் குழந்தை பார்ப்பதையும் நடப்பதையும் சொல்லிக் கொடுப்பதுதான் பெரும்பாடு. அதனால்தான் பிளம்பர், எலெக்ட்ரீஷியன், நர்ஸ், விடியுமுன் மல்லிகை மொட்டு பறிக்கும் பெண்கள் எல்லாம் இந்தச் சுற்றில் பட்டியலின் கடைசியில் இருக்கிறார்கள்.

ஆனால் இயந்திரத்தால் முடியாத வேலை என்பதற்காக நல்ல சம்பளம் வந்துவிடாது. பூப்பறிக்கும் கூலியைப் பார்த்தாலே தெரியும். கூலி மிகக் குறைவாக இருப்பதே சில வேலைகளுக்குப் பாதுகாப்பு. அந்தக் கூலியைவிட இயந்திரம் மலிவாக முடியாது. காவிரி டெல்டாவில் அறுவடைக்கு ஆள் கிடைப்பது அரிதாகி, கூலியும் ஏறிய பிறகுதான் வயலுக்கு வயல் அறுவடை இயந்திரம் இறங்கியது. இயந்திரத்துக்கு முடியுமா என்பது பாதிக் கேள்விதான். கட்டுபடியாகுமா என்பது மீதிப் பாதி.

ஏணியின் கீழ்ப்படி

இப்போது சென்னை ஓ.எம்.ஆர். சாலைக்கு வருவோம். ஐ.டி. கம்பெனிகள் இத்தனை வருஷமாகக் கல்லூரி வளாகங்களிலிருந்து பிரெஷர்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்தன. அவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் டெஸ்டிங், சின்னச் சின்ன பக் திருத்துவது, ஆவணம் எழுதுவது, இல்லையென்றால் எல்-1 சப்போர்ட், அதாவது வாடிக்கையாளர் சொல்லும் கோளாறுகளை முதலில் பார்க்கும் வேலை. இரவு ஷிஃப்டில் திரையில் டிக்கெட் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பாஸ்வேர்டு லாக் ஆகிவிட்டது, வி.பி.என். கனெக்ட் ஆகவில்லை, சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன படி செய் என்று எழுதி வைத்திருப்பார்கள். அதன்படி செய்து பார்த்து, தீரவில்லை என்றால் எல்-2வுக்குத் தள்ளிவிட வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் ஒன்றிரண்டு வருஷம் இதில் ஊறினால், டிஸ்க் ஏன் திங்கட்கிழமை மட்டும் நிரம்புகிறது என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி கேட்பவர்தான் எல்-2 ஆகிறார், பிறகு டீம் லீட் ஆகிறார்.

ஏ.ஐ.க்கு மிகச் சுலபமாகக் கைவருவது இந்த முதல் படியின் காரியங்கள்தான்.

இதற்கு ஆதாரம் சேர ஆரம்பித்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த எரிக் பிரிஞ்சால்ஃப்சனும் அவருடைய சகாக்களும் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்தார்கள். ஏ.ஐ. தாக்கம் அதிகமுள்ள தொழில்களில் 22 முதல் 25 வயதுள்ளவர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் குறைந்திருந்தது. அதே தொழில்களில் மூத்தவர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. வட்டி விகிதம் ஏறியதும், கோவிட் காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்ததும்தான் காரணம் என்று மறுப்பவர்களும் உண்டு. ஒற்றை ஆய்வை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஆனால் போக்கு வங்கிக் கதையை ஒத்திருக்கிறது: உள்ளே இருப்பவர் உட்கார்ந்திருக்கிறார், வெளியே நிற்பவருக்குக் கதவு ஒடுங்குகிறது.

இதில் ஒரு முரண். இதே பிரிஞ்சால்ஃப்சன் இன்னும் இருவரோடு சேர்ந்து, 5,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களைப் பற்றி 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பதில் சொல்ல உதவும் ஏ.ஐ. கருவியைக் கொடுத்ததும் ஒரு மணி நேரத்தில் தீர்க்கும் பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கு 34 சதவீதம் கூடியது. பழகிய கைகளுக்குப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. கெட்டிக்கார ஊழியர்கள் பேசிய பேச்சிலிருந்து கற்றுக்கொண்டு அதைப் புதியவர்கள் காதில் ஓதியது அந்தக் கருவி. (கெட்டிக்காரர்களுக்கு இதற்காகத் தனியே ஏதாவது கொடுக்க வேண்டாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.) ஆகப் புதியவருக்கு அதிகம் உதவக் கூடிய கருவியே புதியவரின் கதவையும் ஒடுக்கலாம். ஆறு மாதத்தில் தேறுபவர் இரண்டு மாதத்தில் தேறினால், வேலை பெருகும் கம்பெனி இன்னும் பல புதியவர்களை எடுக்கும். வேலை பெருகாத கம்பெனி எண்ணிக்கையைக் குறைக்கும். ஏ.டி.எம். வந்தபோது கிளைகள் பெருகின, செல்போன் வந்தபோது கிளைக்கே ஆள் போகவில்லை. அதே கணக்குதான்.

கம்பெனிகளே நிதானத்துக்கு வரவில்லை. ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம் 2024இல், தங்கள் ஏ.ஐ. உதவியாளர் 700 பேரின் வேலையைச் செய்கிறது என்று பெருமையாக அறிவித்தது. அடுத்த வருஷமே சேவைத் தரம் குறைகிறது என்று மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னபோது, ஏ.ஐ. காரணமில்லை, திறன் பொருந்தாததுதான் காரணம் என்றது. அதில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை ஊழியர்கள். ஆக, மேலே இருப்பவர்கள் எல்லாரும் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. நிறையப் பேரை மேய்ப்பதே வேலையாக இருந்தவருக்கு, மேய்க்க ஆள் குறைந்தால் என்ன ஆகும்?

புதிய வேலைகளும் வரத்தான் செய்கின்றன. உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை, 2030க்குள் 17 கோடி வேலைகள் புதிதாக வரும், 9.2 கோடி போகும் என்கிறது. முதலாளிகளிடம் கேட்டுத் திரட்டிய மதிப்பீடு அது. ஜோசியத்தைவிடக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியும் புதிய வேலைகளில் ஒன்று டேட்டா அனோட்டேஷன். சாலைப் படத்தில் ஒவ்வொரு வண்டியையும் ஆளையும் மாட்டையும் சுற்றிக் கட்டம் போட்டு, இது லாரி, இது மாடு என்று பெயர் குறிக்க வேண்டும். கென்யாவின் நைரோபியிலும் தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் இதைச் செய்கிறார்கள். ஏ.ஐ. தானாகக் கற்கிறது என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கைகள் இருக்கின்றன. சொந்த ஊரிலேயே இருந்து சம்பாதிக்க முடிகிறது என்பது நல்ல விஷயம். ஆனால் இதிலும் மாடு எது, லாரி எது என்று காட்டும் காரியத்தை மெல்ல மெல்ல ஏ.ஐ.யே எடுத்துக்கொண்டு, சந்தேகமான படங்களை மட்டும் மனிதருக்கு அனுப்புகிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கோர்ஸ் விற்பவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன்பு, காசில்லாமல் ஒன்று செய்யலாம். ஒரு வாரம் உங்கள் வேலையில் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் நோட்டில் எழுதுங்கள். பதவியின் பெயரை எழுதாதீர்கள், காரியத்தை எழுதுங்கள். "அக்கவுண்ட்ஸ்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. "பில்களை டேலி மென்பொருளில் ஏற்றினேன், ஜி.எஸ்.டி. எண் தப்பாக இருந்ததைப் பிடித்தேன், பாக்கி வைத்திருக்கும் கடைக்காரரிடம் போனில் பேசிப் பாதிப் பணம் வாங்கினேன்" என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகள். இதற்கு விதி எழுத முடியுமா? பழைய எடுத்துக்காட்டுகள் ஆயிரக்கணக்கில் எங்காவது சேர்ந்து கிடக்கின்றனவா? தப்பானால் யார் தலை உருளும்? முதல் இரண்டில் ஒன்றுக்காவது ஆமாம், மூன்றாவதற்கு யாருமில்லை என்று வரும் காரியங்கள் சீக்கிரம் கைவிட்டுப் போகும். அவற்றை நீங்களே ஏ.ஐ.யிடம் கொடுத்துப் பார்ப்பது நல்லது. அது எங்கே சறுக்குகிறது என்று தெரிந்தவருக்கு அந்தச் சறுக்கலைப் பிடிக்கும் வேலையாவது இருக்கும்.

படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் கடினம். அவர்களிடம் எழுதி வைக்கக் காரியப் பட்டியல் இன்னும் இல்லை. முதல் படி ஒடுங்குகிறது என்றால், அந்தப் படியில் கிடைத்திருக்கக் கூடிய பழக்கத்தை வேறு வழியில்தான் தேட வேண்டும். பக்கத்து மளிகைக் கடையின் சரக்குக் கணக்குக்கு ஒரு நிரல் எழுதிக் கொடுத்து, அது உடையும்போதெல்லாம் போய்ச் சரிசெய்தவருக்கு, டிஸ்க் ஏன் திங்கட்கிழமை நிரம்புகிறது என்ற வகைக் கேள்வி தானாகவே வரும். வளாகத் தேர்வில் கடைசியாக "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். சம்பளத்தை ஆஃபர் லெட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம். சேர்ந்த முதல் ஆறு மாதம் என்ன காரியம் கொடுப்பீர்கள், அதை யார் பார்த்துத் திருத்துவார், போன வருஷம் எத்தனை பிரெஷர்களை எடுத்தீர்கள், இந்த வருஷம் எத்தனை பேர் என்று கேளுங்கள்.